முதல் நூறு யூனிட்

மீட்டரிலிருந்து என் கைக்கருவிக்கு
ஒரு எண் வந்து சேர ஒன்றரை நொடி.
அதற்குள் தொலைந்துபோனது.
நாலாயிரத்து எழுநூற்று...
மறுபடி நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன்.
அம்மாப்பேட்டைச் சந்தில் தறிகள் மட்டும்
விடாமல் எண்ணிக்கொண்டிருந்தன.

பதினாறு வருஷமாக இந்த வேலை.
எந்த வீட்டில் நாய்,
எந்த வீட்டில் மீட்டரை மறைத்து சைக்கிள்,
எந்த வீட்டம்மா என் முகம் பார்க்காமல்
"இந்தத் தடவ ஜாஸ்தியா?" என்பாள்,
எல்லாம் மனப்பாடம்.
இப்போது என் வீட்டுப் பூட்டில் சாவியைச் செருகிவிட்டு
எந்தப் பக்கம் திருப்புவது என்று நிற்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் எல்லாம் எடுத்தார்கள்.
ரத்தம் நார்மல். எக்ஸ்ரே நார்மல்.
தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள்.
நடந்தேன். அதுவும் நார்மல்.
அந்த ஆறு நிமிஷத்துக்காக
மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
அதை வந்து ரீடிங் எடுக்க
யாருக்கும் தேதி ஒதுக்கவில்லை.

"எனக்குந்தான் வந்துச்சு" என்றார்
ஆபீசில் இருதயராஜ்.
"நாலு நாளு. அஞ்சாம் நாளு பிரியாணி."
நல்ல மனுஷன். என் தெருக்களில் பாதியை
அவர்தான் பார்த்துக்கொண்டார்.
ஆனாலும் அந்தப் பிரியாணியை
ரொம்ப நாள் மன்னிக்க முடியவில்லை.

தூக்கம் வராத ஒரு ராத்திரியில் புரிந்தது,
இது எனக்குத் தெரிந்த கணக்குதான்.
முதல் நூறு யூனிட் இலவசம்:
பல் துலக்க, ஒரு டம்ளர் காபி குடிக்க,
ஜன்னலைத் திறக்க.
அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு.
ஐந்நூறைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் போனாலும்
முன்பு எரித்ததற்கும் சேர்த்து வேறு ரேட்.
எத்தனை வாசலில் இதை விளக்கியிருப்பேன்!
"ஒரே ஒரு யூனிட்டுக்கா மேடம் இவ்வளவு?"
ஆமாங்க, ஒரே ஒரு யூனிட்டுக்குத்தான்.
தலைக்குக் குளித்த அன்றைக்கே
துணியும் துவைத்தேன்.

அதற்கப்புறம் நானூற்றைம்பதில் நிறுத்தப் பழகினேன்.
பாதி சப்பாத்தி திரட்டியபடி
கட்டையைக் கீழே வைக்கிறேன்.
மீதியைச் செல்லக்குமார் திரட்டுகிறார்,
ஒவ்வொன்றும் ஒரு தேசத்து வரைபடம்.

அவர்தான் ஒரு சாயங்காலம்
தட்டுவடை செட் வாங்கி வந்தார்.
ஒரு வருஷமாகப் பூண்டுச் சட்னி எனக்கு
எரிந்த வயர் நாற்றம்.
அன்றும் அதே வயர்தான்.
ஆனால் நடுவில் மாங்காய்த் துருவல்,
பல் கூசும் புளிப்பு.
பீட்ரூட் சிவப்போடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.
"காரமா?" என்றார்.
இல்லை என்று சொல்லக்கூட
யூனிட்டைச் செலவழிக்கவில்லை.

கன்னங்குறிச்சி மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
ஏற்காடு ஏறும் பஸ்ஸின் விளக்கு
ஒரு வளைவில் தெரியும், அடுத்ததில் தெரியாது.
தெரியாதபோதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்று
எனக்கு நானே சொல்ல ஆசை.
அது இறங்கும் பஸ்ஸாகவும் இருக்கலாம்.
திரும்பத் தெரிவதற்குள் சில ராத்திரி
தூக்கம் வந்துவிடுகிறது. அது போதும்.

கிச்சிப்பாளையத்தில் ஒரு மூன்று மாடி வீடு.
போன தடவை இரண்டாவது திருப்பத்தில்
படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
இறங்கி வந்த ஆள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.
இந்தத் தடவை அதே திருப்பத்தில்
நீல பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.
துணி உலர்த்த ஏறுவதற்கு வைத்ததாகக்கூட இருக்கும்.

உட்கார்ந்தேன்.
மூச்சு அதன் வழியில் வந்து சேர்ந்தது.
பிறகு மேலே போய்
எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினேன்:
ஐந்து. பூஜ்யம். மூன்று.

எட்டு.